எழுத்துக்கு இருபது பெசோ

நகராட்சி மாளிகையில்
குடிநீர் வரி கட்டும் ஜன்னலைத் தாண்டி,
கழிப்பறைக்கு எதிரே,
கதவில் பெயரில்லாத ஓர் அறை.
சாவி ஒப்துலியா அம்மையாரிடம்.
ஊர் நாய்களுக்கு ஊசி போட டோக்கன் கொடுப்பவரும் அவர்தான்.
செவ்வாயன்று நாய்கள். புதனன்று இறந்தவர்கள்.
நான் போனது செவ்வாய்.

மறுநாள் ஒரு முகக்கவசம் தந்து
சோப்புப் பெட்டிகளைக் காட்டினார்.
"வரிசை கிடையாது.
புறா எச்சம் இருக்கும், கோபித்துக்கொள்ளாதே."

ஃப்ரெஸ்னோவில் கோழி வெட்டும் ஆலையில்
பதினோரு நாள் விடுப்பு வாங்கி வந்திருந்தேன்,
ஒரே ஓர் ஆண்டைத் தேடி.
மரச்சிலுவை சாய்ந்துவிட்டது.
கல் வைக்கப் பணம் சேர்த்தாயிற்று.
த்ராங்கிலினோ சமரிப்பா,
என் அப்பாவின் பாட்டனார்.
இறந்தது எல்லோருக்கும் தெரியும்:
ஆறு பாலத்தைக் கொண்டுபோன வெள்ளிக்கிழமை.
பிறந்தது?
அத்தைக்கு ஓர் ஆண்டு வைத்திருந்தார்கள்,
விட்டுக்கொடுக்காமல்.

மூன்று நாள் தும்மினேன்.
மாட்டுச் சூட்டுக்குறிப் பேரேடு:
எவர் மாட்டின் தொடையில் எந்த அடையாளம் என்று
மையால் வரைந்த கொக்கிகள், அரை நிலாக்கள்,
தலைகீழாய் ஓர் இதயம்.
எங்களுக்கு மாடு இருந்ததில்லை போலும்.
தெருவிளக்கு எண்ணெய்க் கணக்கு.
தேவாலய மணியை வேண்டுமென்றே தாமதமாக அடித்ததாக
மணியடிப்பவர் மேல் எட்டுப் பக்கப் புகார்.
எனக்குச் சம்பந்தமே இல்லை,
முழுதும் படித்தேன்.

பிறப்புப் பதிவு 1884 இருக்கிறது, 1885 இருக்கிறது.
அடுத்து 1889.
நடுவில் உள்ளவை எங்கே?
டோக்கனிலிருந்து தலை தூக்காமல்
"வாணக்காரரிடம்" என்றார் ஒப்துலியா.

எந்தக் காலத்திலோ ஒரு நகரத் தலைவர்
பழைய தாளை எடைக்குப் போட்டாராம்.
மருந்து சுற்றக் கெட்டித் தாள் வேண்டும்.
அரசாங்கத் தாளுக்கு ஈடு உண்டா?
மூன்று ஆண்டுக் குழந்தைகள்
திருவிழா இரவொன்றில்
விர்ரென்று மேலே போய்
வெடித்தார்கள்.
பச்சை. சிவப்பு.
ஜனங்கள் கைதட்டியிருப்பார்கள்.
அவர் பிறந்த அன்று யார் தட்டியிருக்கப் போகிறார்கள்?

வெளியே படியில் உட்கார்ந்து
மிளகாய்த்தூள் தூவிய வெள்ளரிக்காய் தின்றேன்.
விமானச்சீட்டை முன்தேதிக்கு மாற்ற
எவ்வளவு என்று விசாரித்தேன்.

அதிகம்.

ஆகவே ஏழாம் நாளும் போனேன்.
தேடாத பெட்டி. சிறைக் காவலரின் குறிப்பேடு.

"1911 பிப்ரவரி 14. த்ராங்கிலினோ சாமரிபா, கூலி.
சதுக்கத்தில் பன்றியை அவிழ்த்துவிட்ட குற்றம்.
மேற்படி பன்றி நீதிபதியின் ரோஜாச் செடிகளைத் தின்றது.
அபராதம் ஒன்றரை பெசோ, அல்லது மூன்று நாள்.
மூன்று நாள் என்றார்.
எழுதத் தெரியாததால் கையொப்பமிடவில்லை.
வயது இருபத்தைந்து, பார்வைக்கு."

பார்வைக்கு.

எவனோ ஒருவன்
பேனாவை மையில் தோய்க்குமுன் நிமிர்ந்து
அவர் முகத்தைப் பார்த்திருக்கிறான்.
எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.
அவரைப் பார்த்த கண் எதுவும்
இன்று திறந்திருக்கவில்லை.
அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்து நின்றேன்,
ஒப்துலியா விளக்கை அணைக்கும்வரை.

கல் கொத்தும் நெமெசியோ
எழுத்துக்கு இருபது பெசோ வாங்குகிறார்.
"குடும்பப் பெயரில் ஒற்றை ரகரமா, இரட்டையா?"
திருமணப் பதிவில் ஒரு விதம்,
நிலவரியில் ஒரு விதம்,
என் கடவுச்சீட்டில் மூன்றாவது.
அவர் ஒன்றையும் எழுதியவரில்லை.
வாயால் சொன்னார்.
காதில் விழுந்ததை அவரவர் எழுதிக்கொண்டார்கள்.

"சிறைக்காரர் எழுதியபடியே கொத்துங்கள்" என்றேன்.
"ஒற்றை. இருபது பெசோ மிச்சம்."
"பிறந்த ஆண்டு?"
"1886. அதன் கீழே: பார்வைக்கு."

அவர் என்னைப் பார்த்தார்.
கையிலிருந்த நகலை வாங்கி
உதடு அசைய மெல்லப் படித்தார்.
"வலது மூலை காலியாக இருக்கிறது" என்றார்.
"பன்றி வைக்கலாமா?"
"எவ்வளவு?"

"பன்றி எழுத்தில்லையே, அம்மா."