எண் இருக்கிறது

லைன் செத்துப்போச்சு லா, என்றார் நசீர் பாய்.
சாகவில்லை.
எட்டு எட்டு எட்டு எட்டு என்று தட்டியதும்
பதினோரு மில்லி வினாடியில் பதில் வந்தது.
அடுத்து ஒரு தளத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது,
பிறகு ஒரு வரி:
பெயரைக் கண்டறிய முடியவில்லை, தற்காலிகமாக.

தற்காலிகம்.
காலை ஒன்பதிலிருந்து.

நாணய மாற்றுக் கடை, பினாங்கு கடைத் தெருவில்.
பெயர்ப்பலகையில் லெபோ பாசார்,
கிராப் ஓட்டியின் வாயில் மார்க்கெட் ஸ்ட்ரீட்.
எதைச் சொல்லி ஏறினாலும்
இதே வெங்காய மூட்டைகளுக்கு முன்னால்தான் இறக்கிவிடுவார்கள்.
இந்தக் கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
விலைப்பலகையில் நேற்றைய டாக்கா, நேற்றைய பாத்.
கண்ணாடிக்கு அப்பால் வங்காளதேசத்துப் பையன் ஒருவன்
ஐந்து ஐம்பது ரிங்கிட் தாள்களை
சீட்டாட்டக்காரன்போல் விரித்துப் பிடித்திருக்கிறான்.
சிக்கிட் லாகி, என்கிறார் பாய்,
மூன்றாம் முறை.

கேபிளை ஆட்டிப் பார்த்தேன், எல்லோரும் செய்வதுதான்.
தேடும் வரிசையைப் பார்த்தேன்:
முதலில் வீட்டுக் கோப்பு, அப்புறம் வெளியே விசாரிப்பு.
சரியாகத்தான் இருந்தது.
ரிசால்வ் கோப்பைத் திறந்தேன்.
யாரிடம் கேட்பது என்று ஒரே ஒரு முகவரி,
நேற்று மாலை லைன்காரர் கழற்றிக்கொண்டு போன
பழைய ரவுட்டருடையது.
பாவம், பகல் முழுக்க
ஆள் போன வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

மாற்றி எழுதிச் சேமித்தேன்.
அனுமதி இல்லை.
ரூட்டாக நுழைந்து எழுதினேன்.
அனுமதி இல்லை.
வேரே நான்தான், எனக்கே இல்லையா?

கோப்பின் தலையில் மலாயில் ஒரு குறிப்பு:
ஜாங்கான் ஊசிக். தொடாதே.
பக்கத்தில் கி.மூ.
பண்புகளைக் காட்டச் சொன்னேன். கோடுகளுக்கு நடுவே
ஒற்றை ஐ எழுத்து: மாறாதே.
மெஷின் எழும்போதெல்லாம் ஏதோ ஒன்று இதை அழித்து எழுதியிருக்கும்,
சலித்துப்போய் ஓர் இரவு பூட்டியிருப்பான்.
நானும் செய்திருக்கிறேன் இந்த வேலையை, வேறு கடைகளில்.

கி.மூ. என்றால் கிருபாமூர்த்தி.
என் கூட்டுப் பணம் ஆயிரத்து நானூறு ரிங்கிட்டோடு
ஜோகூர் போனவன்.
கைப்பேசியில் அவன் பெயரை அழித்தது நான்தான்.
பெயரை மட்டும்தான்.
சுழியம் ஒன்று ஆறு என்று தொடங்கும் மிச்சம்
எந்த சர்வரையும் கேட்காமல்
விரல் நுனிக்கு வருகிறது, இப்போதும்.
அந்த ஒற்றை எழுத்து எனக்குள்ளும் எங்கோ
விழுந்திருக்க வேண்டும். அதைக் கழற்றும் கட்டளை
எந்தக் கையேட்டிலும் இல்லை.

கோப்புக்கு இருந்தது. கழற்றினேன்.
புதிய முகவரி எழுதினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்,
ஓடி வந்தது.
பலகையில் எண்கள் புரண்டன.
பையனுக்கு லாபமா நட்டமா தெரியவில்லை,
எண்ணியதை மறுபடி எண்ணிக்கொண்டே போனான்.

குறிப்பை அழிக்கவில்லை.
அதன் கீழே எழுதினேன்:
தொட்டேன். தவநேஸ்வரி. வெள்ளி, மாலை ஐந்து பத்து.
மறுபடி பூட்டவில்லை.

எவ்வளவு, என்றார் பாய். எண்பது.
ஒரு தே தாரேக்கும் ஐம்பது ரிங்கிட்டும் வைத்தார்.
மீதி முப்பது அடுத்த வாரம்,
நம்பர் இருக்கே, கூப்பிடு.