முப்பத்துநாலு

போடி மெட்டுக்குச் சாலை ஏறத் தொடங்கும் முன்
இடப்பக்கம் பஞ்சர் கடை. அதை ஒட்டி என் தகரக் கூரை.

ஒச்சப்பன் ஜீப்பைப் பின்னாலெடுத்து நிறுத்தினான்.
"நெஞ்சுல மிதிக்கணும்ணே. பூப்பாறை வரைக்கும்."

கோட்டயத்து டூரிஸ்ட் பஸ்ஸில் கழற்றிய
பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
காந்தம் மட்டும் அம்மிக்குழவி கனம்.
பலகை அறுத்து ஆணி அடித்தால்
பெட்டி என்று நினைத்திருந்தான்.
பலகைக்கா காசு வாங்குகிறேன்?
உள்ளே அடைபடும் காற்றுக்கு.

உப்புத்தாளின் முதுகில் எழுதினேன்:
ஒன்றே முக்கால் கன அடி.
ஸ்பீக்கரின் உடம்பு கழித்து, முட்டுக்கட்டை கழித்து,
துளைப்பாதை தின்னும் இடமும் கழித்து
மிச்சம் நிற்க வேண்டியது அது.
வாய் இரண்டுக்குப் பதின்மூன்று அங்குலம், நீளம் முப்பது.
பெட்டிக்குள் காற்று சுருள்வில்,
பாதைக்குள் காற்று அதில் தொங்கும் எடைக்கல்.
இரண்டும் ஒத்து ஆடும் இடம்
முப்பத்துநாலு.

மறுநாள் விடியலில், பசை காயுமுன்
அளவு பார்க்க ஜீப்பில் ஏற்றினோம்.
காட்டுக்குப் போகும் பெண்கள் பதினாலு பேர்,
தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்கும்.
வீருசின்னம்மா ஏறினாள், நின்றாள், இறங்கினாள்.
"இவரு யாரு புதுசா? இவருக்கும் காய் எடுக்கத் தெரியுமா?"
போன மழையில் சரிவில் உருண்டதிலிருந்து
அவளுடைய வலது முழங்கால் மடங்காது.
"ரெண்டு வெரக்கட கொறச்சா உக்காருவேன்.
இல்லைன்னா என் சம்பளத்த
பொட்டிகிட்ட வாங்கிக்க."

ஒச்சப்பன் என்னைப் பார்த்தான்.
நான் உப்புத்தாளைத் திருப்பினேன். அந்தப் பக்கம் சொரசொரப்பு.

வயிறு குறைந்தால் சுருதி ஏறிவிடும்.
பிடித்து இறக்கப் பாதையை நீட்ட வேண்டும்;
நீட்டிய பாதையோ வயிற்றில்தான் படுக்கும்.
கொடுத்து வாங்கி, வாங்கிக் கொடுத்து
ராத்திரி பதினொன்றுக்கு நின்ற கணக்கு:
பாதை முப்பத்தொன்பது.
நேராகக் கிடத்த இடமில்லை, மடித்தேன்.
மெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி,
என் பெட்டிக்கு ஒன்று.
திருப்பத்தின் மூலையைச் சாய்த்து இழைத்தேன்,
காற்று அங்கே பல்லைக் கடிக்கக் கூடாது.
இவ்வளவுக்கும் கிடைத்தது
ரெண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு.

பெட்டியை மல்லாத்தி வைத்துக்
கூம்பின் மேல் ஏழு ஏலக்காய் போட்டேன்,
ஏலத்தில் தள்ளுபடியான வெளிறிய காய்.
போனிலிருந்து ஒற்றை ஒலி, மேலிருந்து கீழே.
ஐம்பதில் துள்ளின.
நாற்பதில் சோம்பின.
முப்பத்தாறு, முப்பத்தைந்து...
படுத்துவிட்டன.
கூம்பு செத்ததுபோல் கிடக்கிறது,
துளை வாயில் பிடித்த காலண்டர் தாள்
கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.
பஞ்சர் கடைக்காரன் அவன் ஷட்டருக்குள்ளிருந்து
என் வம்சத்தை விசாரித்தான்.

இன்னும் கீழே போய்ப் பார்த்தேன், இருபத்தெட்டு.
காய்கள் சிதறி மேசைக்கடியில் ஓடின.
கூம்பு பிடி விட்ட கயிறாய் உதறியது.
சட்டென நிறுத்தினேன்.
அதற்குக் கீழே தாங்க ஆளில்லை.
ஆம்ப்பின் திருகைத் திருப்பி
முப்பதில் கதவைச் சாத்தினேன்.

நாலு நாள் கழித்து
மேலிருந்து இறங்கிய ஜீப் கடை முன் நின்றது.
சாயங்காலம். பாட்டு இல்லை.
வீருசின்னம்மா காலை நீட்டியபடியே
தூக்குவாளியை வெளியே நீட்டினாள்.
"காலுக்கு இடம் சரி.
ஆனா அவன் பாட்டுப் போட்டா
இந்த மூடி கெடந்து டிங்கு டிங்குனு அடிக்குது.
இதுக்கும் உன் தாள்ல கணக்கு இருக்குதா?"

பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் நறுக்கி
மூடிக்குள் இறுக்கிக் கொடுத்தேன்.
ஆட்டிப் பார்த்தாள். காதருகே வைத்து
இன்னொரு முறை ஆட்டினாள்.
"எவ்வளவு?"
வேண்டாம் என்றேன்.
ரெண்டு காயை மேசையில் வைத்தாள், பச்சைக் காய்,
தள்ளுபடி அல்ல.