ஊன்றிய கை, உயர்த்திய கை

நேபாள்கஞ்சில் மே மாதக் காற்று
இரவு பதினொன்றுக்கும் அடுப்புவாயிலிருந்தே வருகிறது.
அவசரப் பிரிவில் மூன்று மின்விசிறிகள்,
சுற்றுவது ஒன்று.
அதற்குக் கீழே என் பதிவேடு.

பெயர். வயது. கொண்டுவந்தவர் யார்.
காயத்தின் நீளம், அகலம், ஆழம்.
எதனால்.

இந்த எதனாலுக்கு மட்டும்
விரற்கடை அகலத்தில் ஒரு கட்டம்.
அச்சடித்தவனுக்குத் தெரிந்திருக்கும்,
இதில் யாரும் நிறையச் சொல்லப்போவதில்லை என்று.

ஐந்து வருடத்தில் ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது.
அசார் மாதம் நாற்று நடுவார்கள்,
வரப்பு ஒரு சாண் நகரும்,
மண்டை பிளந்த அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு
தம்பி ஓடிவருவான்.
மண்வெட்டியை ஓங்கியதும் அவன்தான்.

தசைன் விடுமுறையில்
கத்தார் சம்பளம் மோட்டார் சைக்கிளாகி
கோஹல்பூர் சாலையில் எருமைமேல் மோதும்.
திஹாரில் சீட்டாட்டமும் உடைந்த பாட்டில்களும்.
தழை ஒடிக்க மரம் ஏறி விழும் பெண்களுக்கு
மாதக் கணக்கு இல்லை.
ஆனால் இலையே இல்லாத மாசியிலும்
மரத்திலிருந்து விழுந்தேன் என்பவளுக்கு
முதுகில் நீலம், பச்சை, மஞ்சள்.
ஒரே நாளில் விழுந்தால்
ஒரே நிறந்தானே கன்றும்?

டாங்கா ஓட்டும் இத்வாரி
குதிரை உதைத்தது என்றார்.
சந்தேகத்தோடு துடைத்தேன்.
நெற்றியில் லாடத்தின் வளைவு அச்சுப் பிசகாமல்!
சிலநேரம் குதிரைதான் உதைக்கிறது.

எலும்பு மட்டும் கதை கட்டாது.
விழுகிறவர் கையை ஊன்றுவார்,
மணிக்கட்டு நொறுங்கும்.
அடியைத் தடுக்கிறவர் கையை உயர்த்துவார்,
முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு
நடுவில் முறியும்,
சாக்பீஸைப்போல.

அன்று புறக்காவல் நாற்காலி காலியாக இருந்தது.
ஹவல்தார் டேக் பகதூர் ரோக்காயா விடுப்பு.
"விழுந்தேன் என்றால் விழுந்தேன் என்றே எழுதுங்கள், டாக்டர்சாப்,
உங்களுக்கும் கோர்ட் அலைச்சல் மிச்சம்"
என்று தினமும் என்னோடு மல்லுக்கு நிற்பவர்.

பன்னிரண்டரைக்கு அவரே வந்தார்.
சீருடை இல்லாமல் இத்தனை சிறிய ஆளா?
இடது கையைத் துண்டில் தொங்கவிட்டு,
"குளியலறையில் வழுக்கிவிட்டது."

படத்தைக் குழல்விளக்கில் தூக்கிப் பிடித்தேன்.
மணிக்கட்டில் கீறல்கூட இல்லை.
அதற்கு நாலு விரற்கடை மேலே
சாக்பீஸ்.
என்னோடு சேர்ந்து எத்தனை படம் பார்த்தவர்!
ஒருமுறைதான் பார்த்தார்,
பிறகு சுழலாத விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் மன்சரா பேனாவோடு கேட்டாள்:
கொண்டுவந்தவர்?
"மகன். திபேஷ். பத்தொன்பது வயசு."
கேட்டருகே பைக்கின் மேல்
அந்தப் புழுக்கத்திலும் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

நான் எழுதினேன்:
வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில்:
காயம் அதற்குப் பொருந்தவில்லை.

படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும்,
காயப்பட்டவர் ஒன்று, காவல்துறை ஒன்று.
மாற்று ஆள் இன்னும் வந்து சேரவில்லை.
ஓரத்து வரியை நிறுத்தி வாசித்தார்.
பேச்சில்லை.
இரண்டு இடத்திலும் அவரே போட்டார்,
இரண்டாவதில் மட்டும்
பெயருக்குக் கீழே பதவி எண்.

மாவுக்கட்டை நனைக்கும்போது கேட்டார்:
"சேர எத்தனை நாள்?"
ஆறு வாரம் என்றேன்.
"என்னிடம் வேண்டாம், டாக்டர்சாப்.
வெளியே போய்
அவனிடம் சொல்லுங்கள்."