நெற்றியில் நேரம்

தொப்பூர்க் கணவாய், இரண்டாவது வளைவு.
கோலார்த் தக்காளி லாரி
சேலம் போகாமல் சாய்ந்து கிடக்கிறது.
பைக்கில் வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி
அதில் பொறுக்குகிறார்கள்.
கிலோ எண்பது ரூபாய். குற்றம் சொல்ல மாட்டேன்.

டோல்கேட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து
டிவிஎஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன்,
செக்யூரிட்டி சட்டையோடு.
அவ்வளவு சிவப்பில்
எது தக்காளி, எது மற்றது என்று
மூக்கு பிரித்துச் சொல்லிவிட்டது.

டிரைவருக்கு வலது தொடை.
விட்டு விட்டுப் பீய்ச்சியது.
என் துண்டு, அவன் லாரியின் ஸ்பேனர்.
ஒரு முறுக்கு, இரண்டு,
மூன்றாவதில்தான் நின்றது.
கன்னடத்தில் கத்தினான்:
"நோவு, அண்ணா, நோவு."

எண்பத்தேழு, ஐப்பசி.
யாழ்ப்பாணத்தில் மழை.
ஒரு டன் நிஸ்ஸான், முன்கண்ணாடி பாதி இல்லை.
ஓட்டியவன் திர்லோக், மலைநாட்டுக்காரன்.
பின்னால் நான், நர்சிங் அசிஸ்டென்ட்,
என் மடியில் ஒரு பையனின் கால்.
"நோகுது அண்ணை."
என்ன சொல்கிறான் என்று திர்லோக் கேட்டான்.
அவன் பாஷையில் சொன்னேன்.
பாப்பாரப்பட்டியில் என் அம்மா
நோவுது என்றுதான் சொல்வாள்,
அதை அவனுக்கு எப்படிச் சொல்வது?

யார் சுட்டது என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
நான் நிரப்பியதே இல்லை.

கட்டுப் போட்டால் நெற்றியில் டி எழுதி
நேரம் போட வேண்டும்.
"என்ன எழுதுறியள்?"
"நேரம்."
"எத்தினை மணி?"
"நாலே கால்."
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு,
"அண்ணைக்கு எந்த ஊர்?"
"தர்மபுரி."
"அது எந்தப் பக்கம்?"
"கிட்டத்தான்," என்றேன்.
கடல் தாண்டி வந்தவன் சொன்ன பொய்.
அவன் தலையாட்டினான்,
வழி தெரிந்தவன் போல.

பலாலியில் இறக்கினோம்.
ஸ்ட்ரெச்சரை வாங்கியவர்கள்
வேறொரு காலி ஸ்ட்ரெச்சரைத் தந்தார்கள்.
அவ்வளவுதான்.
நாலே காலுக்குப் பிறகு
அவன் மணி எனக்குத் தெரியாது.

நூற்றெட்டு வந்தது.
இறங்கிய பெண் சட்டையில் சுகந்தவாணி என்று இருந்தது.
கட்டைத் தொட்டுப் பார்த்தாள்,
ஸ்பேனரை அசைக்கவில்லை. கெட்டிக்காரி.
"நெத்தியில என்ன சார், டி 6.40?"
"கட்டின நேரம்மா. டாக்டர் கேப்பாரு."
"இது மார்க்கராச்சே, லேசுல போவாதே."
"போவ வேணாம்."

கதவு சாத்துமுன் அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு
ஏதோ கேட்டான், கன்னடத்தில்.
ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றிருக்கலாம்.
வாய் வரை வந்தது அந்தப் பழைய சொல்.
"இருபது கிலோமீட்டர்," என்றேன்,
விரல்களை விரித்துக் காட்டி.

வண்டிக்குத் திரும்பினால்
பெட்ரோல் கவரில் யாரோ
நாலு தக்காளி போட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒன்று மட்டும் நசுங்கியிருந்தது.