மக்கு

நார்த்டேலில் வீடு வாங்கிய கையோடு
கொல்லையில் மண்வெட்டியைப் போட்டேன்.
டங் என்றது.
ஆகஸ்ட். மே மாதத்திலிருந்து மழை இல்லை.
விரிசலுக்குள் பூபாலனின் கார்ச் சாவி விழுந்து
அரைநாள் கம்பியால் துழாவினோம்.

நவம்பரில் மழை பிடித்தது.
அதே மண் ஒரே இரவில் வாயைத் திறந்து
என் ரப்பர் செருப்பை வாங்கிக்கொண்டது,
இடது காலை மட்டும்.
முழங்கை வரை விட்டுத் தேடியும் தரவில்லை.

களிக்கு மணல், கணக்கு நேர் என்று
பக்கி வண்டியில் ஆற்று மணல் இறக்கினார் பூபாலன்.
இரண்டு சனிக்கிழமை புரட்டிப் புரட்டிக் கலந்தோம்.
ஒரு வாரம் வெயில்.
மண்வெட்டியின் பிடி முறிந்தது.
செங்கல் சூளை வைக்கலாம் என்றேன்.
அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை.

ஜாம் பாட்டிலில் ஒரு பிடி மண், மேலே தண்ணீர்,
குலுக்கி ஜன்னல் ஓரம் வைத்தேன்.
மணல் உடனே இறங்கியது, நகக்கண் அளவு.
வண்டல் மதியத்துக்குள்.
மீதி மூன்று நாளாகியும் இறங்கவில்லை,
ஆறிய பால் டீ நிறத்தில்
அப்படியே நின்றது.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
படையாச்சி சார் என்னைப் பார்த்து
தலைக்குள் களிமண்ணா என்பார்.
இன்னும் கோபம் வந்தால், மக்கு.
ர-வும் ற-வும் கடைசிவரை எனக்கு ஒட்டவில்லை.
நாற்பத்தாறு வயதில், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே
அந்த இரண்டு வசவையும்
அருகருகே வைத்துப் பார்த்தேன்.
ஒன்று கொல்லை நிறைய இருந்தது.
மற்றதைத் தேடிப் போனேன்.

ஸ்காட்ஸ்வில் பந்தயக் குதிரை லாயத்தில்
பெகானி மூட்டைக்கு ஐந்து ரேண்ட் கேட்டான்.
மரத்தூளும் சாணியுமாய்
பெயர் சொல்லிச் சொல்லி அள்ளிப் போட்டான்:
இவன் மூன்றாம் ரேஸில் கடைசி,
ஆனால் வயிறு சுத்தம்.
டோங்காட்டிலிருந்து கரும்புச் சக்கை.
டீத்தூள், வாழைத்தோல், முட்டை ஓடு.
கோயில் ட்ரம்மில் வீசிய சாமந்தி மாலைகள்,
நைலான் நூலை மட்டும் உருவிவிட்டு.

கொத்தவில்லை. மேலே பரப்பி
அட்டைப் பெட்டிகளை விரித்து மூடினேன்.
நடுவில் பலகை, பலகையில் மட்டும் கால்.
இறங்கி மிதித்தால் இரண்டு ரேண்ட் அபராதம்.
பூபாலனுக்கு நாலு.

பாகுக்குப் போல மண்ணுக்கும் பதம் உண்டு.
மழை விட்ட மூன்றாம் நாள், சிலசமயம் நாலாம் நாள் காலை,
உள்ளங்கையில் உருட்டினால் உருளும்,
கட்டைவிரலால் தட்டினால் உதிரும்.
முந்தின நாள் சேறு. மறுநாள் ஓடு.
சரியாக அந்தக் காலையில்தான்
டயர் கடையில் எனக்கு டூட்டி விழும்.
வயிற்றுவலி என்று போன் போட்டேன்.
பிப்ரவரியில் மட்டும் நான்கு வயிற்றுவலி.
முதலாளியம்மா அன்னெக்
மாத்திரை அட்டை வாங்கிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன், நகத்திடுக்கில் மண்ணோடு.
அவள் என் நகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வருஷம் கேரட்டுக்கு
மூன்று கால், நாலு கால்.
முள்ளங்கி, மடங்கிய சுண்டுவிரல்.
தண்ணீர் நிற்கிற கீழ்மூலையில் மட்டும்
யார் தயவும் இல்லாமல்
மாடும்பி யானைக்காது விரித்தது.
அதை விட்டுவிட்டோம்.

இரண்டாம் குளிர்காலம், அட்டையைத் தூக்கினேன்.
அடியில் அட்டையே இல்லை.
சிவந்த புழு ஒன்று வெளிச்சம் பிடிக்காமல்
தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது,
அது போன ஓட்டை அப்படியே நின்றது.
விரலை விட்டுப் பார்த்தேன்.
இரண்டாம் கணு வரை போனது.
பூபாலனைக் கூப்பிட்டேன். அவர் விரலும் போனது.
அவர் மணல் கலந்த பக்கத்தில் இப்போது கார் நிற்கிறது.
நல்ல உறுதியான இடம்.

போன வாரம் அவரைக் கொடியைப் பிடுங்கும்போது
வேரோடு செருப்பு வந்தது.
வார் போன துளையில் ஒரு வேர் நுழைந்து
அடுத்த துளையில் வெளியே வந்திருந்தது.
குழாயடியில் கழுவினேன்.
ரப்பர். மக்கவில்லை.
வலது காலை எப்போதோ எறிந்துவிட்டேன்.