பதினொன்று

தொண்டை கட்டிய இரண்டாம் நாள்
கோலா நிறத்தில் சிறுநீர் போனது.
நூவொரோவில் அன்று பேய்க்காற்று,
கொடியில் ஒரு துணி தங்கவில்லை.
அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அந்த மிட்டாய்."

ஆறு வயதிலிருந்து எல்லாமே அந்த மிட்டாய்தான்.
தலைவலியா, மிட்டாய்.
கணக்கில் தோற்றேனா, சர்க்கரை ஏறியிருக்கும்,
விரலை நீட்டு.
பத்து வருஷமாய் எங்கள் வீட்டில்
ஒரே ஒரு குற்றவாளி.
அதற்கு என் முகம்.

கண்ணில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள்.
விழித்திரை சுத்தம்.
அதுதான் டாக்டர் உசாயை உறுத்தியிருக்கிறது.
"கண்ணைத் தொடாத சர்க்கரை
சிறுநீரகத்தை மட்டும் தேடிப் போகுமா?
நூலளவு சதை எடுத்துப் பார்த்துவிடலாம்."

கால்யாரியில் குப்புறப் படுத்தேன்.
மூச்சைப் பிடி என்றார்கள்.
ஸ்டேப்ளர் அடித்தாற்போல் ஒரு சத்தம்,
என் முதுகுக்குள்ளேயே.
பிடித்த மூச்சோடு எண்ணிக்கொண்டிருந்தேன்:
விரலைக் குத்தாமலே நோட்டில் எழுதிய
நூற்றிப் பத்துகள், நூற்றியிருபதுகள்.
பதினொன்று ஞாபகம் வந்தது.
ஊசி அவற்றைத்தான்
உருவி எடுக்கிறது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துத் திரையில் காட்டினார்.
அல்கேரோ நகைக்கடைப் பவளக்கிளை,
ஆனால் பச்சை,
இருட்டில் எரியும் பச்சை.
தொண்டை நோகும்போதெல்லாம் ஏதோ ஒன்று
வடிகட்டியில் வந்து படிகிறதாம்.
"இது சர்க்கரையின் வேலை இல்லை, போனாரியா.
வேறு நோய். தானாக வந்தது."

அம்மா இரண்டு முறை கேட்டாள்,
"இல்லையா? இல்லவே இல்லையா?"
பத்து வருஷம் இழுத்துப் பிடித்த கயிற்றின்
மறுமுனையில் யாருமில்லை
என்று கண்டவள் மாதிரி.

எனக்கும் புரியவில்லை,
குற்றமில்லாத உடம்பை
எங்கே கொண்டுபோய் வைப்பது என்று.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள்.
தொனாராவின் தேன் மிட்டாய் ஒரு கட்டி வாங்கி
மடியில் வைத்து உடைத்தாள்.
"இதற்கு எத்தனை யூனிட்?"
வாழ்நாளில் முதல்முறை
அது வெறும் கேள்வியாக இருந்தது.
"இரண்டு" என்றேன்.
கூடவே அந்தப் பதினொன்றையும் சொன்னேன்.

அவள் விரலில் ஒட்டிய பாதாம் துணுக்கைப் பார்த்தபடி,
"எட்டுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

வண்டி கிளம்பியது.
பின் இருக்கையில் புது மாத்திரைப் பை
வளைவுகளில் சரிந்து சரிந்து வந்தது.
யாரும் இன்னும்
திட்டிப் பழகாத நோய்.