பிப்ரவரி முப்பது

கிறிஸ்டியான்சுன்டில் மழை
பக்கவாட்டில் பெய்கிறது.
திருப்பிக்கொண்ட குடையைக் கதவருகே விட்டுவிட்டு
கருவாட்டு நிறுவனத்தின் மாடி ஏறினேன்,
மூன்று மாத ஒப்பந்தத்தோடு.

ஒரே தளம் என்றார் துர்கைர்.
கிடங்கு, கப்பல், கணக்கு, விற்பனை
எல்லாம் ஒரே திரையில்.
சொல்லச் சொல்ல விரல்களை மடக்கி
முஷ்டியாக்கினார்.
அந்த முஷ்டிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் வாரம் பெயர்கள்.
போர்ட்டோவில் ஒரே வியாபாரி
ஏழு எழுத்துக்கூட்டலில் மீன் வாங்கியிருந்தார்.
இருவர் பேரில் பாக்கி.
ஒருவருக்கு, ஒழுங்காகப் பணம் கட்டியதற்குத் தள்ளுபடி.
ஏழு பேரையும் ஓர் ஆளாக்கினேன்.
மறுநாள் காலை போனில் கத்தியது
எந்த எழுத்துக்கூட்டல் என்று தெரியவில்லை.

அப்புறம் எடை.
கிடங்குக்கு எடை என்றால் ஈரத்தோடு.
விற்பனைக்கு, காய்ந்த பிறகு.
கணக்குப் பிரிவுக்குப் பெட்டியும் சேர்த்து.
எடை என்ற ஒரே சொல்லைத்தான்
மூவரும் எழுதிவந்தார்கள்
இருபத்திரண்டு வருடமாக.
காய்ந்ததிலிருந்து ஈரத்தைத் திரும்ப எடுக்க
ஒரு சூத்திரம் எழுதினேன்.
கருவாடு மீனாகாது என்பதை
கணினி இருமுறை சொன்னது, சிவப்பு எழுத்தில்.

யாருடைய எடை எடை?
கூட்டம் காபி ஆறியும் முடியவில்லை.
விற்பனையின் ஹால்டிஸ் எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தாள்.
உள்ளே வந்த வாடையை மட்டும்
மூன்று பிரிவும் ஒப்புக்கொண்டன.

நள்ளிரவில் ஏற்றினேன்.
ஒன்பது லட்சம் வரிகள் உள்ளே போயின.
நானூற்றுப் பன்னிரண்டு
வாசலிலேயே நின்றன.
காரணம்: தேதி செல்லாது.

பிப்ரவரி முப்பது, 2002.
பிப்ரவரி முப்பது, 2009.
பிப்ரவரி முப்பது, 2017.
ஒரு வருடமும் தவறவில்லை.
பழைய மென்பொருளுக்கு நாட்காட்டி தெரியாது,
கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்.
புதியதற்கு எல்லாம் தெரியும்.

கிடங்குக்கு இறங்கினேன்.
குன்வோர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்,
காதில் பென்சில்.
நான்தான் அது, என்றாள்,
மணி என்ன என்று கேட்டதுபோல.

ஏற்றும்போது உடைவது.
கடற்காகம் கொத்துவது.
இரவு ஷிப்டில் கோட்டுக்குள் போவது.
தராசுக்கே சில நாள் மனம் சரியில்லாதது.
வருட இருப்பு எடுக்கும்போது
இருக்க வேண்டியது இருக்காது.
இல்லாத மீனை வேறெந்த நாளில் எழுதுவதாம்?

மேலே வந்து கூட்டினேன்.
கிடங்கும் கணக்கும்
ஒன்றையொன்று திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்த
அந்த வித்தியாசம்
ஒரு கிலோ பிசகாமல் அங்கே கிடந்தது.

துர்கைரிடம் விளக்கினேன்.
மார்ச் ஒன்று என்று மாற்றினால்
ஒரே நாளில் நாலு டன் காணாமல் போகும்,
காப்பீட்டுக்காரன் வருவான்.
அழித்தால் நாலு டன் திரையில் நீந்தும்,
ஹால்டிஸ் அதையும் விற்றுவிடுவாள்.
அவர் தன் முஷ்டியைப் பார்த்தார்.
சுண்டுவிரல் தானாக நிமிர்ந்திருந்தது.
திங்கட்கிழமை தளம் திறக்கிறது, என்றார்.

திறந்தது.
பச்சை வட்டங்கள். கேக்.
ஓஸ்லோவிலிருந்து ஒருவர் வந்து
உண்மை இனி ஒன்றே என்று பேசினார்.
நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்
என் கணினியில் ஒரு கோப்பில் இருக்கின்றன.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

இன்று பிப்ரவரி இருபத்தெட்டு.
நாலரை மணிக்கே இருட்டத் தொடங்குகிறது.
குன்வோர் மாடி ஏறி வந்திருக்கிறாள்,
முதல்முறையாக.
படியெல்லாம் உப்பு.
கையில் துண்டுச்சீட்டு,
பென்சிலில்: 186 கிலோ.

என் திரையைப் பார்க்கிறாள்.
அதன் மூலையில் நாட்காட்டி,
இருபத்தெட்டை ஒட்டி உடனே மார்ச்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துகொள்கிறாள்.
எழுது, என்கிறாள்.